பொய்யான 60 மீட்டர் சுழல்: பறக்கும் வெப்பமானியும் எஞ்சின் இரைச்சலும்

ஒரு சிறிய ஆய்வு விமானம் 300 மீட்டர் உயரத்தில், நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் நேர்கோட்டில் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இறக்கைக்கு முன்னால் நீட்டியிருக்கும் கம்பத்தின் முனையில் ஒரு வெப்பமானி இருக்கிறது. அது நொடிக்கு 100 முறை காற்றின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்கிறது. விமானம் தரையிறங்கியதும் பதிவை வரைபடமாகப் போட்டுப் பார்க்கிறோம். நொடிக்கு ஒருமுறை வெப்பநிலை இம்மியளவு ஏறி இறங்குகிறது. கால் மணி நேரமும் தாளம் தப்பவில்லை. விமானம் நொடிக்கு 60 மீட்டர் கடப்பதால், ஒவ்வோர் ஏற்ற இறக்கத்தின் அகலமும் 60 மீட்டர். ஆக, அன்றைக்கு அந்த உயரத்தில் 60 மீட்டர் அகலச் சுழல்கள் வரிசை கட்டி நின்றன என்று அறிக்கை எழுதிவிடலாம் போலத் தோன்றும்.

அந்தச் சுழல்கள் அங்கே இல்லை. பதிவில் தெரிவது புரொப்பெல்லர். அது எப்படி வெப்பநிலை வேடம் போட்டுக்கொண்டு உள்ளே வந்தது, எப்படி அடையாளம் காண்பது, எப்படி வெளியேற்றுவது என்பதுதான் இந்தக் கட்டுரை. பெரிய கணிதம் தேவையில்லை. கூட்டல், பெருக்கல், அவற்றோடு நிறையச் சந்தேகம் போதும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். இங்கே ‘இரைச்சல்’ என்பது காதில் விழும் ஓசை மட்டுமல்ல. நாம் அளக்க நினைத்ததைத் தவிரப் பதிவில் வந்து ஒட்டிக்கொள்ளும் எதுவும் இரைச்சல்தான். எஞ்சின் தரும் தொல்லையில் காதுக்குக் கேட்கும் பகுதிதான் பெரும்பாலும் மிகச் சிறியது. இதைக் கணக்குப் போட்டே காட்டலாம், சற்றுப் பொறுங்கள்.

காற்றின் வெப்பநிலை அரை டிகிரி முன்பின் இருந்தாலும் பரவாயில்லை என்றால் இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. பத்து நொடிக்குச் சராசரி எடுத்தால் எஞ்சினின் நடுக்கம் கரைந்து காணாமல் போகும். கொந்தளிப்பை அளக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வெயிலில் சூடான தரையிலிருந்து வெதுவெதுப்பான காற்றுப் பொதிகள் மேலே எழும்; குளிர்ந்தவை கீழே இறங்கும். அவற்றுக்கு இடையிலான வெப்பநிலை வேறுபாடு சில சமயம் ஒரு டிகிரியின் நூற்றில் சில பங்குதான். அந்தப் பொதிகளில் ஒரு மீட்டர் அளவுள்ளவையும் உண்டு. நொடிக்கு 60 மீட்டர் பறக்கும் விமானம் ஒரு மீட்டர் பொதியை நொடியின் அறுபதில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். அதாவது, நமக்கு வேண்டிய செய்தி 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை) வரைக்கும், அதற்கு மேலும் இருக்கிறது. எஞ்சினும் புரொப்பெல்லரும் அதே தெருவில்தான் குடியிருக்கின்றன.

(விமானம் கடக்கும் அந்தக் கணத்தில் சுழல்கள் உறைந்து நிற்பதாக வைத்துக்கொண்டுதான் காலத்தை நீளமாக மாற்றுகிறோம். இது பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் 1938இல் எடுத்துக்கொண்ட கருதுகோள். விமானம் வேகமாகப் பறப்பதால் அநேகமாகச் சரியாகவே இருக்கும்.)

எஞ்சின் எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறது? முதலில் சத்தத்தையே பார்ப்போம். ஒலி என்பது காற்றில் ஓடும் அழுத்த அலை. காற்று அமுங்கும்போது சற்றுச் சூடாகும், விரியும்போது சற்றுக் குளிரும். ஆக, ஒலி உண்மையாகவே காற்றின் வெப்பநிலையை அசைக்கிறது. எவ்வளவு? 120 டெசிபல் என்பது காதே வலிக்கும் அளவு. அதன் அழுத்த ஏற்ற இறக்கம் 20 பாஸ்கல். வளிமண்டல அழுத்தமோ ஏறத்தாழ 1,00,000 பாஸ்கல். அழுத்தம் ஐயாயிரத்தில் ஒரு பங்கு மாறினால், கெல்வின் அளவிலான வெப்பநிலை அதன் ஏழில் இரண்டு பங்கு விகிதத்தில் மாறும். 300 கெல்வின் காற்றில் அது சுமார் 0.017 டிகிரி. 100 டெசிபலுக்கு இறங்கினால் அதிலும் பத்தில் ஒரு பங்கு. மிக நுண்ணிய கருவிக்கு இது தெரியலாம், மற்றவற்றுக்குத் தெரியாது. ‘எஞ்சின் சத்தம் வெப்பமானியைக் கெடுக்கிறது’ என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கை நினைத்துக்கொண்டு வேறு வாசலைத் தேடுவது நல்லது.

இரண்டாவது வாசல் அதிர்வு. பறக்கும் வெப்பமானி வெறும் காற்றின் வெப்பநிலையைக் காட்டுவதில்லை. எதிரே விரைந்து வரும் காற்று அதன்மீது மோதி நிற்கும்போது இயக்க ஆற்றல் வெப்பமாகிறது. வேகத்தின் வர்க்கத்தை 2010ஆல் வகுத்தால் வருவதுதான் அந்தக் கூடுதல் வெப்பநிலையின் உச்ச அளவு. நொடிக்கு 60 மீட்டரில் அது 1.8 டிகிரி, நொடிக்கு 250 மீட்டரில் பறக்கும் ஜெட் விமானத்தில் 31 டிகிரி. இதை வேகமானியின் துணையோடு கழித்துவிடுவது வழக்கம். ஆனால் கம்பம் முன்னும் பின்னும் அதிர்ந்தால், வெப்பமானி உணரும் வேகமும் அதோடு அதிரும். 60 மீட்டர் வேகத்தில் நொடிக்கு 1 மீட்டர் மாறினாலே 0.06 டிகிரி மாறிவிடும். நாம் தேடும் பொதியின் வேறுபாடும் அந்த அளவுதான் என்பதை நினைவில் வையுங்கள். விமானத்தின் பொது வேகத்தை மட்டும் வைத்துத் திருத்தினால் கம்பத்தின் இந்த ஆட்டம் திருத்தப்படாமல் அப்படியே நின்றுவிடும்.

மூன்றாவது மின்சாரம். பெரும்பாலான பிழைகளுக்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. பரவலாகப் பயன்படும் பிளாட்டினம் வெப்பமானியில் ஒரு டிகிரிக்கு 0.385 ஓம் மின்தடை மாறும். அதில் ஒரு மில்லி ஆம்பியர் மின்னோட்டம் செலுத்தினால், நூற்றில் ஒரு டிகிரிக்கு உரிய மின்னழுத்த மாற்றம் 4 மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. சில மீட்டர் தள்ளி எஞ்சினின் தீப்பொறிச் செருகிகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் துள்ளிக்கொண்டிருக்கிறது. ஆளில்லா மின் விமானத்தில் தீப்பொறி கிடையாது. அதற்குப் பதில் மோட்டாருக்கு மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கும் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை இருக்கிறது. அதுவும் ஒன்றும் சாதுவல்ல.

புகைபோக்கியின் சூடும் புரொப்பெல்லர் தள்ளிவிடும் காற்றும் இன்னொரு வகை. அவை வெப்பமானியைத் தொட்டால் எந்தக் கணிதமும் காப்பாற்றாது, ஏனென்றால் அங்கே இருக்கும் காற்றே வேறு. வெப்பமானியை இடம் மாற்றுவதுதான் ஒரே வழி.

சரி, வந்தது எந்த வாசல் வழியாக என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. எந்த வெப்பமானியும் உடனே சூடாவதில்லை, உடனே குளிர்வதில்லை. உறைக்குள் இருக்கும் ஒரு வெப்பமானியின் மந்தம் நொடியின் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதன்மீது நொடிக்கு 99 முறை சூடும் குளிருமாக மாறும் காற்றை ஊதினால், அந்த மாற்றத்தில் 62இல் ஒரு பங்குதான் பதிவில் தெரியும். இப்போது பதிவில் 99 ஹெர்ட்ஸில் 0.05 டிகிரி ஆட்டம் இருந்தால், வெளியே காற்று 3 டிகிரி ஆடியிருக்க வேண்டும். அப்படி ஆட வாய்ப்பே இல்லை. ஆகவே அது வெப்பமாக வரவில்லை. கம்பி வழியாக மின்சாரமாக வந்திருக்கிறது. ஒரு வகுத்தல் கணக்கு, பாதி வழக்கு முடிந்தது.

மீதிப் பாதிக்கு நிறமாலை வேண்டும், அதாவது பதிவில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆட்டம் என்று காட்டும் வரைபடம். ஒரு சிக்கலான ஆட்டத்தைப் பல எளிய அலைகளின் கூட்டலாகப் பிரிக்கலாம் என்று ஃபூரியே 1822இல் ஒரு நூலில் காட்டினார். அந்த நூல் வெப்பம் பரவுவதைப் பற்றியது என்பது நமக்குப் பொருத்தமான தற்செயல். 1965இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட வேகமான கணக்கு முறையால் இன்று எந்த மடிக்கணினியும் கண்ணிமைக்கும் நேரத்தில் இதைச் செய்துவிடுகிறது. வெப்பநிலைப் பதிவின் நிறமாலையை மடக்கை அளவில் வரைந்தால், கொந்தளிப்பு ஒரு சரிந்த கோடாகத் தெரியும்: அதிர்வெண் ஏற ஏற வலிமை ஐந்து மூன்றாம் (5/3) அடுக்கு விகிதத்தில் குறையும். கோல்மகோரோவ் 1941இல் காற்றின் வேகத்துக்குச் சொன்னதை, ஒபுகோவும் கார்சினும் வெப்பநிலைக்கு விரித்தார்கள். அந்தச் சரிவின்மேல் ஈட்டி நட்டதுபோல் ஒல்லியான முகடுகள் நின்றால் அவை காற்றின் வேலையல்ல. கொந்தளிப்புக்குத் தாளம் கிடையாது. தாளம் எஞ்சினுடையது.

நிமிடத்துக்கு 1980 முறை சுழலும் மூன்று தகடு புரொப்பெல்லரை எடுத்துக்கொண்டால், தண்டு நொடிக்கு 33 முறை சுற்றும். தகடுகள் 99 முறை கடக்கும். நிறமாலையில் 33, 66, 99, 198 என்று சீப்புப் பற்கள்போல முகடுகள் வரும். 33இல் முகடு உயர்ந்திருந்தால் தண்டின் சமநிலை சரியில்லை. 99இல் உயர்ந்திருந்தால் தகடுகள் தள்ளும் காற்று காரணமாக இருக்கலாம். இன்னும் உறுதி வேண்டுமா? விமானியிடம் சொல்லி எஞ்சின் சுழற்சியை நிமிடத்துக்கு 100 குறைக்கச் செய்யுங்கள். சேர்ந்து நகரும் முகடுகள் எஞ்சினுடையவை. நகராமல் 400 ஹெர்ட்ஸில் உட்கார்ந்திருப்பது விமானத்தின் மாறுமின் வழங்கலிலிருந்து வந்ததாக இருக்கலாம். பல விமானங்களில் அதன் அதிர்வெண் அதுதான். இரண்டு நிமிடப் பறத்தல். ஆனால் பின்னால் இரண்டு வார வாதத்தை மிச்சப்படுத்தும். இதைச் செய்யாமல் திரும்பி வருவது எனக்குப் புரியாத சிக்கனம்.

இப்போது அந்த 60 மீட்டர் சுழலுக்கு வருவோம். கைபேசியில் எடுத்த காணொளியில் புரொப்பெல்லர் மெதுவாக மிதப்பதுபோலவோ நின்றுவிட்டதுபோலவோ தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். காமிரா ஒரு படம் எடுத்து அடுத்த படம் எடுப்பதற்குள் தகடு கிட்டத்தட்ட அடுத்த தகட்டின் இடத்துக்கு வந்துவிடுகிறது. கொஞ்சம் மட்டும் பின்தங்கியதால் மெதுவாகப் பின்னோக்கி நகர்வதுபோலத் தெரிகிறது. நம் வெப்பமானியும் ஒரு காமிராதான். நொடிக்கு 100 அளவீடு எடுக்கும்போது 99 ஹெர்ட்ஸ் ஆட்டம் வந்தால், ஒவ்வோர் அளவீட்டுக்கும் இடையில் ஆட்டம் ஒரு சுற்றை ஏறக்குறைய முடித்துவிடுகிறது. மிச்சம் விழும் துளித்துளி வித்தியாசங்கள் சேர்ந்து நொடிக்கு ஒரு மெதுவான அலையாகத் தெரிகின்றன. 100இலிருந்து 99 போக 1. அதுதான் 60 மீட்டர் சுழல்.

இதன் கொடுமை என்னவென்றால், பதிவான பிறகு இதை நீக்க முடியாது. 1 ஹெர்ட்ஸில் உண்மையான சுழலும் இருக்கும், பொய்ச் சுழலும் இருக்கும். எண்களில் இரண்டும் ஒன்றுதான். எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுழற்சிக்கு ஏறினால் தகடு கடக்கும் அதிர்வெண் சரியாக 100 ஆகிவிடும், அலையே மறைந்து நிலையான பிழையாகப் படுத்துக்கொள்ளும். அது இன்னும் மோசம், கண்ணுக்கே தெரியாது. எனவே வேலை பறப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும். அளவீட்டு வேகத்தில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்களை, எண்ணாக மாற்றுவதற்கு முன்பே மின்சுற்றிலேயே ஒரு வடிகட்டி தடுத்துவிட வேண்டும். அல்லது நொடிக்கு 1000, 2000 என்று தாராளமாக அளந்து, எஞ்சினை அதன் சொந்த இடத்திலேயே பதிவாக விட்டு, பிறகு கணினியில் நீக்க வேண்டும். இரண்டையும் செய்வது உத்தமம். சேமிப்பு இடம் மலிவான இந்தக் காலத்திலும் 100 போதும் என்று நிறுத்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

நன்றாக அளந்த பதிவு கையில் இருந்தால் நீக்குவது எளிதாகிறது. நமக்கு 10 ஹெர்ட்ஸ் வரைதான் வேண்டும், எஞ்சின் 33இல் தொடங்குகிறது என்றால், 10க்கு மேல் எல்லாவற்றையும் வெட்டிவிடலாம். முடிந்தது. எஞ்சினுக்கு அப்பாலும் நமக்கு வேலை இருந்தால், 33, 66, 99 ஆகிய இடங்களில் மட்டும் ஒடுக்கமான பள்ளம் வெட்டும் வடிகட்டியைப் போடலாம். ஆனால் எஞ்சின் கடிகாரமல்ல. சுழற்சி 1980, 1974, 1987 என்று அலையும். பள்ளம் குறுகலாக இருந்தால் முகடு வெளியே தப்பும். அகலமாக இருந்தால் காற்றின் செய்தியையும் சேர்த்து விழுங்கும்.

இதற்கு அழகான தீர்வு ஒன்று உண்டு. காலத்தை நொடியால் அளக்காமல், தண்டின் சுற்றால் அளப்பது. எஞ்சின் தண்டில் ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்பு தரும் உணரியைப் பொருத்தி, வெப்பநிலையோடு அதையும் பதிவுசெய்ய வேண்டும். பிறகு வெப்பநிலைப் பதிவை ‘ஒவ்வொரு சுற்றின் எந்தக் கோணத்தில்’ என்று மாற்றி அடுக்கினால், எஞ்சினின் வேகம் எப்படி அலைந்தாலும் அதன் பங்கு ஒவ்வொரு சுற்றிலும் ஒரே கோணத்தில் விழும். சில நூறு சுற்றுகளுக்குச் சராசரி எடுத்தால் காற்றின் கொந்தளிப்பு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கரைந்துவிடும். எஞ்சினின் முத்திரை மட்டும் மிஞ்சும். அந்த முத்திரையைப் பதிவிலிருந்து கழித்துவிடலாம். நான்கு அடிப்பு எஞ்சினாக இருந்தால் இரண்டு சுற்றை ஓர் அலகாகக் கொள்ள வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தீப்பற்றுகிறது.

இன்னொரு வழி, இரைச்சலைத் தனியாகக் கேட்டுக் கழிப்பது. பெர்னார்டு விட்ரோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1975இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஓர் அருமையான எடுத்துக்காட்டு வருகிறது. கருவில் இருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பைத் தாயின் வயிற்றில் பதிவுசெய்தால், தாயின் வலுவான துடிப்பு அதை மூழ்கடித்துவிடும். எனவே தாயின் மார்பில் தனியே துடிப்பைப் பதிந்து, அது வயிற்றில் எந்த உருவில் தோன்றும் என்று கணினியே கற்றுக்கொண்டு கழிக்கும்படி செய்தார்கள். நம் நிலையில் தாயின் மார்புக்குப் பதில், எஞ்சின் அருகே அதிர்வை உணரும் ஒரு முடுக்கமானியையோ ஒலிவாங்கியையோ வைக்கிறோம். எஞ்சின் மாறினால் வடிகட்டியும் தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும்.

ஆனால் இதில் ஒரு குழி இருக்கிறது. தனியாகக் கேட்கும் கருவி இரைச்சலை மட்டுமே கேட்க வேண்டும். நமக்கு வேண்டிய செய்தி ஒரு துளிகூட அதில் இருக்கக் கூடாது. முடுக்கமானி எஞ்சினின் அதிர்வை மட்டுமா உணர்கிறது? வெதுவெதுப்பான காற்றுப் பொதி விமானத்தைக் கீழிருந்து தூக்கி எறியும்போது அந்தக் குலுக்கலையும் உணர்கிறது. குலுக்கல் வரும்போதெல்லாம் வெப்பநிலையும் ஏறுகிறது என்று வடிகட்டி கற்றுக்கொண்டால், உண்மையான வெப்பப் பொதிகளையே இரைச்சல் என்று நம்பி ஒழுங்காகத் துடைத்துப்போடும். வரைபடம் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், செய்தி செத்துப்போயிருக்கும். முடுக்கமானியில் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை முதலில் வெட்டிவிட்டுப் பயன்படுத்துவது ஒரு தற்காப்பு. தண்டின் துடிப்பையே துணையாகக் கொள்வது அதைவிட நல்லது; அதற்குத் தண்டைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

தீப்பொறியும் வானொலியும் தரும் கூரிய முட்கள் தனி இனம். ஒரு முள் நிறமாலையில் ஓர் இடத்தில் நிற்காமல் எல்லா அதிர்வெண்களிலும் சிதறிவிடும், அதனால் பள்ளம் வெட்டிப் பயனில்லை. பதிவிலேயே அந்த ஓரிரு எண்களைத் தேடி, பக்கத்து எண்களின் இடைநிலை மதிப்பை அங்கே வைப்பதுதான் வழி. விமானி பேசும்போதெல்லாம் வெப்பநிலை துள்ளுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வரிசையும் முக்கியம். மந்தமான வெப்பமானியின் பதிவைக் கூர்மையாக்க, அது எந்த அளவுக்குக் குறைத்துக் காட்டியதோ அந்த அளவுக்குப் பெருக்கும் வழக்கம் உண்டு. மேலே பார்த்த மந்தத்துக்கு 99 ஹெர்ட்ஸில் அது 62 மடங்கு. மின்சாரமாக நுழைந்த எஞ்சின் முகட்டை நீக்காமல் இதைச் செய்தால் அந்த முகடும் 62 மடங்கு வளரும். முதலில் எஞ்சின், பிறகு மந்தம். மந்தமே இல்லாத வெப்பமானி வேண்டும் என்றால் விலை வேறு வடிவில் வரும். வார்சா பல்கலைக்கழகத்தில் உருவான அதிவேக வெப்பமானியில் உணரும் கம்பி 2.5 மைக்ரோமீட்டர் தடிமனும் 5 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. அவ்வளவு மெல்லிய கம்பி மேகத்துளிகளில் அடிபடாமல் இருக்க முன்னால் ஒரு காப்புத் தண்டு வேண்டும். அந்தத் தண்டே காற்றில் சுழல்களை உதிர்த்துப் புதிய இரைச்சலை உண்டாக்கும். ஒன்றை விரட்டினால் இன்னொன்று வந்து நிற்கும்.

சரி, சராசரி எடுத்தால் இரைச்சல் தானாகவே ஒழிந்துவிடாதா என்று கேட்கலாம். தரையிலிருந்து எழும் வெப்பத்தைக் கணக்கிட, காற்றின் செங்குத்து வேகத்தின் ஆட்டத்தையும் வெப்பநிலையின் ஆட்டத்தையும் பெருக்கிச் சராசரி எடுக்கிறோம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரைச்சல் இந்தப் பெருக்கலில் உண்மையிலேயே ஒழிந்துவிடும். எஞ்சின் இரைச்சலுக்கு அந்த நல்ல குணம் கிடையாது. அதே அதிர்வு வேகமானியையும் வெப்பமானியையும் சேர்த்தே ஆட்டுகிறது. வேகத்தில் நொடிக்கு 0.1 மீட்டர், வெப்பநிலையில் 0.02 டிகிரி வீச்சில் இரண்டும் ஒரே தாளத்தில் ஆடினால், பெருக்கற் சராசரி 0.001. அதைக் காற்றின் அடர்த்தியாலும் வெப்பக் கொள்ளளவாலும் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 1.2 வாட். கடலின்மேல் இந்த வழியாக எழும் வெப்பம் பல நேரங்களில் 10 வாட் அளவில்தான் இருக்கும். எட்டில், பத்தில் ஒரு பங்கை எஞ்சின் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டுவிட்டது. எவ்வளவு நேரம் பறந்து சராசரி எடுத்தாலும் அது குறையாது. தாளம் எதிர்ப்புறமாக இருந்தால் அதே அளவு கழித்தும் காட்டும்.

இதனால்தான் சிலர் எஞ்சினிலிருந்து ஓடியே போகிறார்கள். ஜெர்மனியின் லைப்சிக் ஆய்வாளர்கள் ஆக்டோஸ் என்ற கருவித் தொகுப்பை ஹெலிகாப்டரிலிருந்து நூறு மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள கயிற்றில் தொங்கவிட்டுப் பறந்தார்கள். அதிர்வும் சுழலியின் காற்றும் எட்டாத தொலைவு. எல்லாருக்கும் இது வாய்க்காது.

வாய்க்காதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளம் வெட்டிய இடத்தை, ஐந்து மூன்றாம் அடுக்குச் சரிவு இப்படித்தான் போகும் என்று அனுமானித்து அழகாகப் பூசி மெழுகிவிடாதீர்கள். சரிவு அப்படித்தான் போகிறதா என்று பார்க்கத்தானே பறந்தோம். 31 முதல் 35 ஹெர்ட்ஸ் வரை நீக்கப்பட்டது, எஞ்சின் சுழற்சி இவ்வளவு, அளவீட்டு வேகம் இவ்வளவு என்று தரவுக் கோப்பின் தலைப்பில் எழுதிவைத்து, பள்ளத்தைப் பள்ளமாகவே விடுங்கள். மூலப் பதிவையும் அழிக்காதீர்கள். நாளை அதை எடுத்துப் பார்ப்பவர் உங்களைவிட நல்ல வடிகட்டியோடு வருவார்.